லான்ட்மாஸ்டரின் கியர் பெட்டி: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ‘இருசில்லு உழவு இயந்திரம்’ என்ற பெயர் அரச படிவங்களில் மட்டும்தான் இருக்கிறது. எந்தக் கொம்பனி செய்ததாக இருந்தாலும் சனத்துக்கு அது லான்ட்மாஸ்டர்தான். 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்து, இங்கிலாந்தில் லான்ட்மாஸ்டர் நிறுவனம் தயாரித்த இயந்திரத்தின் பெயர், பின்னர் வந்த ஜப்பானியக் குபோட்டாவுக்கும் சீனத் தயாரிப்புகளுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எங்களுக்கு அது உழவோடு நின்ற இயந்திரம் அல்ல. 2008, 2009இல் வன்னியில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது பாயும் பானையும் கூரைத் தகரமும் வயோதிபரும் ஏறிவந்தது அதன் பெட்டியில்தான். பலர் அதைக் கடைசியில் முள்ளிவாய்க்கால் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். இன்று ஓடும் பழைய இயந்திரங்களில் சில, ஒன்றின் எஞ்சினும் இன்னொன்றின் கியர் பெட்டியுமாகச் சேர்த்துக் கட்டப்பட்டவை.

இவற்றை வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படும் வசனம், “கியர் பெட்டி போய்விட்டது” என்பது. மானாவாரி நெல்லுக்கு ஆவணி, புரட்டாதியில் நிலத்தை உழாமல் விட்டால் அந்த மழை போய்விடும்; அடுத்த போகத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த அவசரத்தில் கடன்பட்டுத் திருத்துபவர்கள் உண்டு, லீசிங்கில் புதிது எடுப்பவர்களும் உண்டு. வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் சில கராச்சுகளில் இருந்து நான் எடுத்த குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்த விடயம் ஒன்றுதான்: கியர்க் கோளாறு என்று வரும் இயந்திரங்களில் பலவற்றுக்குக் கோளாறு கியர் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. ஆகவே வெளியில் இருந்து உள்ளே போக வேண்டும்.

வலு போகும் பாதை

எஞ்சினின் சுழற்சி முதலில் பெல்ட்டுகளுக்குப் போகிறது. பெல்ட்டுகள் கிளட்ச் புலியைச் சுற்றுகின்றன. அதற்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் கியர் பெட்டியின் தண்டைச் சுற்றுகின்றன. பரவலாக உள்ள 12 குதிரைவலுச் சீன இயந்திரங்களில் 6 முன் கியர்களும் 2 பின் கியர்களும் உண்டு. கடைசியாக, இரண்டு பக்கத்துத் திருப்பு கிளட்ச்சுகள் வழியாக வலு சில்லுகளுக்குப் போகிறது. எந்த இடத்தில் வலு நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

எஞ்சின் ஓடுகிறது, இயந்திரம் இழுக்கவில்லை

முதலில் பெல்ட். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரு புலிகளுக்கும் நடுவே பெல்ட்டைப் பெருவிரலால் அமர்த்துங்கள். ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் இறங்கினால் சரி. அதைவிட அதிகம் இறங்கினால் எஞ்சினைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினை முன்னே நகர்த்தி இறுக்க வேண்டும். ஒரு பெல்ட் மட்டும் அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். புதியதும் பழையதும் ஒரே நீளத்தில் இருக்காது. சுமை முழுவதும் புதியதில் விழும்.

பெல்ட் சரியென்றால், சுமையோடு இயந்திரம் திணறும் கணத்தில் தள்ளி நின்று கிளட்ச் புலியைப் பாருங்கள். புலி நிற்க பெல்ட் கீச்சிட்டால் வழுக்குவது பெல்ட். புலி சுற்றியும் சில்லு நகராமல் கருகல் மணம் வந்தால், தட்டுகள் தேய்ந்திருக்கின்றன அல்லது ஒயில் பட்டிருக்கின்றன. சாரத்தோடும் தொங்கும் சேலைத் தலைப்போடும் ஓடும் பெல்ட்டுக்குக் கிட்டப் போக வேண்டாம்.

கியர் விழும்போது கறகறக்கிறது

எஞ்சினை நிறுத்தி, இயந்திரத்தைச் சற்று முன்பின் ஆட்டி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். நிறுத்தியபோது சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கறகறத்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். லீவரின் கம்பியைச் சரிசெய்தாலே பெரும்பாலும் தீரும். நிறுத்திய பின்னும் விழ மறுத்தால்தான் உள்ளே சந்தேகிக்க வேண்டும்.

கியர் தானாகக் கழன்று விழுகிறது

கியரை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு இரும்புக் குண்டும் அதன் பின்னால் உள்ள ஸ்பிரிங்கும்தான். ஸ்பிரிங் சோர்ந்தால் பாரம் வரும்போது கியர் கழரும். முதலில் லீவரின் ஆட்டத்தையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். அவை சரியென்றால், கியரை நகர்த்தும் கவர் தேய்ந்திருக்கலாம், அல்லது பற்களின் முனை மழுங்கியிருக்கலாம்.

ஒரு பக்கம் திரும்பவில்லை

கைப்பிடியில் இருந்து போகும் கம்பி இழுபட்டிருக்கிறதா, துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மதகிலும் குளக்கட்டிலும் பாரத்தோடு இறங்கும்போது வலது பிடியை அமர்த்தினால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். அது கோளாறு அல்ல. எஞ்சின் மற்றச் சில்லைப் பிடித்து வைத்திருக்க, விடுபட்ட சில்லு வேகமாக உருளுவதால் அப்படி நடக்கிறது. தெரியாமல் பிடித்தால் பெட்டியோடு கவிழும்.

ஒயில் சொல்லும் செய்தி

சேற்றுழவுக்குப் பின் இயந்திரத்தை ஓர் இரவு அசையாமல் விட்டு, காலையில் இயக்குவதற்கு முன் கியர் பெட்டியின் அடி நட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வடியும். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலந்துவிட்டது. சில்லு அச்சின் சீல் போயிருக்கும். வடித்த ஒயிலுக்குள் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். நுண்ணிய கரும்பசை வழமையான தேய்வு. நகத்துண்டு போல இரும்பு வந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். எல்லாக் கியரிலும் இரைச்சல் என்றால் பெரும்பாலும் பெயாரிங். ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தச் சோடிப் பற்கள்.

திறந்தே ஆக வேண்டுமென்றால்

ஒவ்வொரு சாமானையும் கழற்றும்போது தொலைபேசியில் படம் எடுத்து, கழற்றிய ஒழுங்கிலேயே சாக்கில் அடுக்குங்கள். கலந்து கட்டிய இயந்திரத்துக்கு கொம்பனிப் பெயர் சொல்லிச் சாமான் வாங்க முடியாது. ஆனால் பெயாரிங்கில் பொறித்திருக்கும் இலக்கம் உலகம் முழுவதற்கும் ஒன்று. 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர்; எந்தக் கடையில் வாங்கினாலும் பொருந்தும். சீலிலும் உள், வெளி, தடிப்பு என மூன்று அளவுகள் பொறித்திருக்கும். இலக்கம் அழிந்திருந்தால் பழையதையே கையில் கொண்டுபோங்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் மறிக்கப்பட்டபோது, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. உடைந்த பல்லை ஒட்டுவைத்து அராவிப் போடும் வழக்கம் இன்னும் சில கராச்சுகளில் இருக்கிறது. அன்று வேறு வழி இல்லை. இன்று அதைத் தவிர்ப்பது நல்லது. ஒட்டிய பல் மீண்டும் உடைந்தால் மற்றப் பற்களுக்கு நடுவே சிக்கி முழுப் பெட்டியையும் அழிக்கும். பழைய இயந்திரத்தில் இருந்து கழற்றிய நல்ல கியர் கிடைத்தால், அதன் சோடியையும் சேர்த்து வாங்குங்கள்.

கராச்சுக்குப் போகும் முன் நான்கு விடயங்களை எழுதி வையுங்கள்: பெல்ட் எவ்வளவு இறங்கியது, எஞ்சினை நிறுத்தியபோது கியர் விழுந்ததா, இரைச்சல் எந்தக் கியரில், ஒயில் என்ன நிறம். இந்த நான்குக்கும் பதில் தெரிந்தவரிடம் “பெட்டி போய்விட்டது” என்று சும்மா சொல்லிவிட முடியாது. தனியாகத் தோட்டம் செய்யும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம்.