ஒன்பது பேர் ஏறிய விமானம்

செம்மநத்தத்தில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர், 1942 ஏப்ரலில் தம் தகப்பனார் சென்னையிலிருந்து குடும்பத்தோடு மலையேறி வந்த கதையைச் சொன்னார். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய காலம் அது. கடலே கண்ணில் படாத இந்த மலை வரையில் அந்தப் பயம் வந்து சேர்ந்திருக்கிறது!

அந்தப் பயத்தை நேருக்கு நேர் கண்டவர்கள் ஒன்பது பேர். அவர்கள் கதையை நான் பெரியவருக்குச் சொன்னேன்.

ஏப்ரல் 4, சனிக்கிழமை. இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியிலிருந்து விடியுமுன் ஒரு கேட்டலினா கிளம்பியது. தண்ணீரில் இறங்கி ஏறும் விமானம். வேவும் பார்க்கும், குண்டும் போடும். தலைவர் லியோனார்ட் பர்ச்சால், கனடா தேசத்தவர்; இலங்கைக்கு வந்து இரண்டே நாள். வழி கணிக்கும் ஆனியட்டும் கனடாக்காரர். மற்ற எழுவரும் பிரிட்டிஷ் விமானப் படையினர்.

மாலையில் வேலை முடிந்து திரும்ப வேண்டியதுதான். இன்னும் சற்றுப் பறந்தால், சந்திரனைப் பார்த்து இருக்கும் இடத்தைச் சரிபார்க்கலாம் என்று தாமதித்தார்கள். அப்போது தெற்கே அடிவானத்தில் ஒரு புள்ளி. நெருங்க நெருங்கப் புள்ளி கப்பலாயிற்று. கப்பல் பெரும் படையாயிற்று. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய நகுமோவின் கடற்படை!

கம்பியில்லாத் தந்தியில் செய்தி பறந்தது. மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாம் முறை பாதியில் இருக்கையில், ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டதில் தந்திக் கருவி சிதறியது. கேட்டலினா கடலில் விழுந்தது. மூவர் மாண்டனர், ஆறு பேர் சிறைப்பட்டனர்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது; ஆனால் தூக்கத்தில் அகப்படவில்லை. அந்தச் செய்தி எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் அன்றே நடுக்கடலில் மூழ்கின. 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

பர்ச்சாலுக்கு 'இலங்கையின் இரட்சகர்' என்று பட்டம் கிடைத்தது. ஜப்பானியச் சிறையில் சக கைதிகளுக்காக அடிபட்டு, 1945-ல் விடுதலையாகி, 2004 வரையில் வாழ்ந்தார். பட்டம் அவருக்குத் தகும். ஆனால் இடத்தைக் கணித்தது ஆனியட். குண்டு மழையில் கை நடுங்காமல் தந்தி அடித்தது இன்னொருவர்.

பெரியவர் சற்று யோசித்தார்.

"பட்டத்தை ஒன்பது பங்காப் போட்டிருக்கணும், தம்பி" என்றார்.