கைவிடப்பட்ட நிரல்பெயர்ப்பி: வணிக நிரலாக்கக் கருவிகளின் மூலநிரலைத் திறக்க வேண்டிய காலம்

வணிக நிறுவனங்கள் உருவாக்கி விற்கும் நிரலாக்கக் கருவிகளின் மூலநிரல், அதாவது நிரலர்கள் எழுதிய, மனிதர் படித்துத் திருத்தத்தக்க வடிவம், பொதுவில் திறக்கப்பட வேண்டுமா என்னும் வினா, பெரும்பாலும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான வழக்காகவே பேசப்படுகிறது. அவ்வழக்கில் குரல் எழாத மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கும், பின்னர் காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ உள்ள கல்லூரிக்கும் செல்லும் மாணவர், கருவியைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. ஆய்வகத்தில் எது நிறுவப்பட்டிருக்கிறதோ அதுவே அவருக்கு நிரலாக்கம். அவர் பக்கம் நின்று நோக்கினால், எல்லா வணிகக் கருவிகளையும் இன்றே திறக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொதுக்கல்வி நம்பியிருக்கும் ஒரு கருவியை அதன் நிறுவனம் பேணுவதை நிறுத்தும் நாளில் மூலநிரல் திறக்கப்பட்டே ஆக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

போர்லாண்ட் நிறுவனம் 1990இல் வெளியிட்ட டர்போ சி++ இதற்குத் தக்க சான்று. நிரல் எழுதும் இடம், கம்பைலர் என வழங்கும் நிரல்பெயர்ப்பி, பிழை தேடும் வசதி ஆகிய மூன்றையும் ஒரே நீலத்திரையில் தந்த அது, அன்றைய சிறு கணினிகளுக்கு அருமையான கருவியாகவே இருந்தது. சி++ மொழிக்கு 1998இல் பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டின் பழைய மேல்நிலைப் பாடநூலில் நிரல்கள் 'ஐஓஸ்ட்ரீம்.எச்', 'கோனியோ.எச்' என்னும் டர்போ சி++ காலத்துப் பழைய தலைப்புக் கோப்புகளுடனேயே தொடங்கின. நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் மூட்டைக்கு 40 கிலோ வீதம் 1,000 மூட்டை இறங்கினால் மொத்த எடை என்ன என்று கணக்கிடும் மூன்று வரி நிரலை ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்ளலாம். டர்போ சி++ முழு எண்ணை இயல்பாக 16 பிட்டுகளில் வைப்பதால் 32,767க்கு மேற்பட்ட எண் அதில் கொள்ளாது. ஆகவே திரையில் 40,000 தோன்றாமல் −25,536 தோன்றும். இன்றைய கணினியில் ஜிசிசி என்னும் கட்டற்ற, அதாவது எவரும் மூலநிரலைப் படித்துத் திருத்திப் பகிரத்தக்க, நிரல்பெயர்ப்பி அதே கணக்குக்கு 40,000 என்றே விடை தரும். நெல்லின் எடை எதிர்ம எண்ணாக வருவது கண்டு திகைக்கும் மாணவர் தம் கணக்கையே ஐயுறுவார்; கருவியின் வயதை அவருக்குச் சொல்ல அங்கே எதுவும் இல்லை.

பிற்காலத்தில் போர்லாண்ட் தன் பழைய பதிப்புகள் சிலவற்றைக் கட்டணமின்றி வழங்கியது. ஆனால் மூலநிரலை வழங்கவில்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. 2008இல் அந்நிறுவனத்தின் நிரலாக்கக் கருவிப் பிரிவு எம்பார்காடெரோவுக்குக் கைமாறியது. உரிமை கைமாறலாம்; ஆனால் மூலநிரல் கிட்டாதவரை டர்போ சி++ஐப் புதிய தரத்துக்கு உயர்த்தவோ, பிழைச்செய்திகளைத் தமிழில் தரவோ எந்த ஆசிரியராலும் இயலாது. அது 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காமல் போனபோது மாணவர்களுக்குக் கைகொடுத்தது, பழைய டாஸ் இயங்குதளச் சூழலைப் போலச் செய்துகாட்டும் டாஸ்பாக்ஸ். அதுவோ மூலநிரல் திறந்த மென்பொருள்.

இதே போர்லாண்டின் மற்றொரு பொருள் எதிர்த்திசையில் சான்று பகர்கிறது. இன்டர்பேஸ் என்னும் தரவுத்தளத்தின் மூலநிரலை அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஜூலையில் திறந்தது. 2001 ஜனவரிக்குள், 'பொலிட்டிக்கலி' என்னும் பயனர்பெயரும் 'கரெக்ட்' என்னும் கடவுச்சொல்லும் கொண்டு எவரும் முழு அதிகாரத்துடன் நுழையத்தக்க ஒரு பின்கதவு நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தபோது வாங்கியோர் கண்ணில் படாத அக்கதவு, திறந்த சில மாதங்களிலேயே அகப்பட்டது. அம்மூலநிரலிலிருந்து கிளைத்த ஃபயர்பேர்ட் இன்றும் பேணப்பட்டு வருகிறது.

வருவாய் குறித்த மறுப்பு வலுவானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஐபிஎம் 2001இல் எக்லிப்ஸையும், சன் 2006இல் ஜாவாவையும், மைக்ரோசாஃப்ட் 2014இல் டாட்நெட்டின் பெரும்பகுதியையும் திறக்க முன்வந்தன. எனினும் அவை வேறு வழிகளில் ஈட்டும் பெருநிறுவனங்கள். ஒரே கருவியை விற்று வாழும் சிறு நிறுவனத்திடம் அதையே கேட்பது அதன் அடுப்பை அணைப்பதாகும். அதனாலேயே, விற்பனை நடக்கும் காலத்தை விட்டுவிட்டு, பேணுதல் நின்ற நாளை எல்லையாகக் கொள்வது நியாயம். கருவிக்குள் பிறர் எழுதி உரிமம் பெற்றுச் சேர்த்த பகுதிகள் இருக்கும் என்பது உண்மையான இடர். பின்னாளில் அதை அவிழ்ப்பது கடினம் என்பதால், பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வாங்கும்போதே ஒப்பந்தப்புள்ளியில் அதற்குரிய நிபந்தனை எழுதப்பட வேண்டும். மூலநிரலின் ஒரு படி பொதுவான ஓரிடத்தில் வைப்பாக இருக்க வேண்டும். அரசு அமைப்புகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை இந்திய அரசு 2015இல் அறிவித்தது. தமிழ்நாட்டின் புதிய மேல்நிலைப் பாடநூல்களும் பைத்தானுக்கு இடம் தந்துள்ளன. இனி வாங்கப்படும் வணிகக் கருவிகளுக்கு மேற்சொன்ன நிபந்தனை இந்நகர்வின் இயல்பான தொடர்ச்சியே.

திறந்துவைப்பதே போதும் என்று கொள்வதும் பிழை. இணையத் தொடர்பைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் 2012இல் புகுந்த 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை, மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருந்தும் 2014 வரை வெளிப்படவில்லை. பார்க்கத் தடை இல்லை, பார்க்கத்தான் ஆள் இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை இவ்விடத்தில் நினைப்பது பொருந்தும். ஊர்ச்சபைக்கான குடவோலைத் தேர்வுக்குரிய விதிகள் 919இல் பொறிக்கப்பட்டு, இரண்டே ஆண்டுகளில், 921இல், திருத்தப்பட்டன. அச்சபையில் இடம்பெறத் தக்கோர் நிலமும் கல்வியும் உடைய மிகச் சிலரே என்பதை மறைக்கலாகாது. ஆயினும் விதி சுவரில் நின்றதோடு அமையாமல், அதைச் செயலாக்க ஏரி வாரியம், தோட்ட வாரியம் என ஆண்டுதோறும் மாறும் குழுக்களும் இருந்தன.

மூலநிரலுக்கும் அத்தகைய வாரியம் தேவை. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழிலேயே கூடிப் பேசிவருவது, அதற்கு வேண்டிய ஆர்வம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பதைக் காட்டுகிறது. இல்லாதது, அவ்வார்வத்தைப் பள்ளி ஆய்வகத்தோடு இணைக்கும் ஏற்பாடு: பிறர் எழுதிய நிரலைத் திறந்து படிக்க வாரம் ஒரு பாடவேளையும், கண்ட பிழையைத் தமிழில் எழுதி உரியவருக்கு அனுப்பப் பழக்கும் ஓர் ஆசிரியரும்.