எல்லையில் குலையும் அணி: பைப் பேண்டுகளும் கடவுச் சட்டங்களும்

வாத்தியக் குழுக்கள் நாடு விட்டு நாடு போகும்போது படும் பாட்டைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செலவையும் விண்ணப்பப் படிவங்களையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். நான் குறை காண்பது சட்டத்தின் பார்வையில். எல்லைச் சட்டத்துக்குத் தெரிந்தவை மூன்று: ஆள், சரக்கு, காட்டுயிர்ப் பொருள். ஆளை விசா அதிகாரியும், சரக்கைச் சுங்கமும், காட்டுயிர்ப் பொருளை வனவுயிர்த் துறையும் பார்த்துக்கொள்கின்றன. அணிநடைக் குழு இந்த மூன்றும் பின்னிக் கிடக்கும் ஓர் உருப்படி. அப்படி ஓர் உருப்படியைக் குறிக்கும் இடம் எந்தப் படிவத்திலும் இல்லை.

சேர்ந்திசைக் குழுவில் இருவர் வராவிட்டால் ஒலி சற்று மெலியும், கச்சேரி நடந்துவிடும். அணிநடையில் அது நடக்காது. வட அமெரிக்க டிரம் கோர் குழுக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மைதானத்தில் நடந்தபடியே வாசிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணத்திலும் நிற்க வேண்டிய புள்ளி குறிக்கப்பட்டிருக்கும். ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால் வளைவில் ஒரு பல் விழுந்த இடைவெளி தெரியும். பேக்பைப்பும் டிரம்மும் சேர்ந்த பைப் பேண்டில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஒரே சுருதியில் இழைத்த டிரோன் குழல்களின் ஒலிப்பரப்பே அதன் உயிர் என்பதால், கடைசி நேரத்தில் இரவல் வாங்கிய கருவி அந்தப் பரப்பைக் கிழித்துவிடும்.

பேக்பைப் உலகைச் சுற்றி வந்த கதையில் ஒரு முரண் உண்டு. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளோடு கப்பலேறி வந்த பேக்பைப் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இந்திய, பாகிஸ்தானியப் படைகள் இன்றும் அதை வாசிக்கின்றன. உலகுக்கு அதைச் செய்து அனுப்பும் பெரிய பட்டறை ஊர்களில் ஒன்று சியால்கோட். ராணுவ பேண்டு இப்போதும் அரசின் ஏற்பாட்டில்தான் எல்லை கடக்கிறது. எல்லையின் முழுக் கனமும் இறங்குவது, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பழகும் அமெச்சூர் குழுக்கள்மேல்தான். கிளாஸ்கோவில் ஆகஸ்டுதோறும் நடக்கும் உலகப் பைப் பேண்டு போட்டியில் முதல் தரப் பட்டத்தை 1987இல் கனடாவின் ஒரு குழு வென்ற பிறகு, கடல் கடந்து வந்து போட்டியிடுவது குழுக்களின் இயல்பான ஆசையாகிவிட்டது.

பழைய பேக்பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். குழல்கள் ஆப்பிரிக்கக் கருமரம். மூட்டுகளில் வளையமாகப் பதித்திருப்பது பல கருவிகளில் யானைத் தந்தம். பை ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ. தோளில் சாய்த்துக்கொள்ளும் இந்த ஒன்றுக்குள் மரம், தந்தம், தோல் என்று மூவகை விதிகள் அடங்கியிருக்கின்றன. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1975இல். ஆப்பிரிக்க யானையை அதன் கடும் பட்டியலில் சேர்க்க முடிவானது 1989இல். தந்த வளையம் பதித்த கருவிகளோ பல அதற்கு முன்பே செய்யப்பட்டவை. இதை உணர்ந்துதான் 2013இல் பாங்காக் மாநாடு, மூன்றாண்டுவரை செல்லத்தக்க இசைக்கருவிச் சான்றிதழைப் பரிந்துரைத்தது.

சான்றிதழ் இருந்தும் என்ன ஆகும் என்பதை 2014 ஆகஸ்டு காட்டியது. கனடாவில் வாசித்துவிட்டு வெர்மான்ட் வழியாக ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் இருவரின் பேக்பைப்புகளை எல்லை அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சில நாளில் கிளாஸ்கோ போட்டி. அவர்களிடம் சான்றிதழ் இருந்தது. ஆனால் தந்தம் உள்ள பொருள் நுழையவென்று குறிக்கப்பட்ட வாயில் அது அல்ல என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியபின் கருவிகள் திரும்பின. அமெரிக்காவில் விலங்குப் பொருளுக்கான வாயில்கள் ஒரு பட்டியல், தாவரப் பொருளுக்கானவை வேறொரு பட்டியல். இரண்டும் உள்ள கருவிக்கு இரண்டிலும் இடம்பெற்ற வாயிலைத் தேட வேண்டும். பேருந்தில் வரும் குழு, தந்த வளையம் வைத்திருக்கும் ஒருவருக்காக மொத்தமாக வழி மாற வேண்டும், அல்லது அவரை இறக்கிவிட்டுப் போக வேண்டும்.

என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று மரத்தில் கிடைக்கிறது. 2017 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கருமரமும் அடங்கிய டால்பெர்ஜியா பேரின மரங்கள் அனைத்தும் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, வணிக நோக்கமில்லாமல் கொண்டுபோகும் சரக்கு 10 கிலோவரை விலக்குப் பெற்றது. எந்தப் பேக்பைப்பின் மரமும் அந்த எடையைத் தொடாது. தனித்தனியே தோளில் மாட்டிப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். இருபது பேரின் கருவிகளை ஒரே பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றினால்? அது ஒரே சரக்கு, வரம்பு தாண்டிவிடும். குழுவாக இருப்பதே குற்றமாகிவிடும் நிலை. அந்த வரம்பைப் பெட்டியின் மொத்த எடையோடு ஒப்பிடாமல் ஒவ்வொரு கருவியிலும் உள்ள மர எடையோடு ஒப்பிட வேண்டும் என்று உடன்படிக்கையின் நிலைக்குழு பின்னர் விளக்கம் தந்தது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த கருவிகளுக்கே விலக்கு வந்தது. விளக்கம் சரிதான், ஆனாலும் குழுவைத் தனியாள்களாகப் பிரித்துக் கணக்குப் போட்ட பிறகே நியாயம் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆட்கள் விஷயத்திலும் இதே பிரிவினைதான். ஊதியமில்லாமல் போட்டிக்கு வரும் அமெச்சூர்களை அமெரிக்கா பார்வையாளர் விசாவில் ஏற்கும். ஊதியம் வாங்கும் குழுவுக்கு 'பி' (P) வகை விசா. அதற்கு 2024 ஏப்ரல் முதல் ஒரு மனுவில் 25 பெயர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. அறுபது பேர் கொண்ட குழு மூன்று மனுக்களாக உடைகிறது. டிரம் ஒரு மனுவிலும் பைப் இன்னொன்றிலும் என்று ஆனால், பாதிக் குழுவுக்கு மட்டும் அனுமதி கிடைத்து நிற்கவும் வாய்ப்புண்டு.

நம் பக்கமும் இதற்கு விலக்கில்லை. லண்டன், சூரிக், டொராண்டோ கோயில்களின் தேர்த் திருவிழாவுக்குப் போகும் நாதஸ்வரக் குழுவும் நடந்தபடி வாசிக்கும் குழுதான். ஆச்சா மரத்தால் வம்பில்லை. தவிலின் தோல்தான் சிக்கல்: ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விலங்குத் தோல் என்று அறிவித்துச் சோதனைக்கு நிற்க வேண்டும். பழைய நாதஸ்வரத்தில் சீவாளிகளோடு தொங்கும் சிறு தந்த ஊசி ஒன்று உண்டு. எச்சில் அடைப்பைக் குத்தியெடுப்பதற்கு. பைப்பின் வளையத்துக்குள்ள சட்டமே அந்த ஊசிக்கும்.

தந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. முடிந்த கருவியிலுள்ள மரம் காட்டை அழிக்கவில்லை என்று காட்டக்கூடியதாக இருந்ததால்தான் 2019 விலக்கு சாத்தியமாயிற்று. தந்தத்தில் 'பழையது' என்ற பெயரில் புதியது நுழைந்துவிடும். அதிகாரியின் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. தேவை விலக்கு அல்ல, அலகு. எடின்பரோ ராணுவ டாட்டூ என்னும் அணிநடை இசை விழாவை பிரிட்டன் தன் அனுமதிவிலக்கு விழாப் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கே ஊதியத்துக்கு வாசிக்க வருபவர் பார்வையாளராகவே வரலாம். ஆக, நிகழ்ச்சியை ஓர் அலகாக ஏற்க அரசுக்குத் தெரியும். பொருளைத் தற்காலிகமாகச் சுங்கவரியின்றிக் கொண்டுபோக உதவும் ஏட்டிஏ கார்னே ஆவணத்தில் கருவிப் பட்டியல், வரிசை எண், எடை, மதிப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அதில் மூலப்பொருளுக்கு ஒரு பத்தியும் வாசிப்பவர் பெயருக்கு ஒரு பத்தியும் சேர்த்து, வனவுயிர்த் துறையும் அதே தாளில் முத்திரையிடச் செய்யலாம். இதில் எஞ்சும் கடினமான கேள்வி, கார்னேக்கான பிணைத்தொகைக்கு யார் பொறுப்பேற்பது என்பது. பதிவுபெற்ற சங்கமாகக்கூட இல்லாத பேண்டுகள் உண்டு; அவற்றின் கருவிகளோ ஆளுக்கொன்றாகச் சொந்தம்.