புறக்கடைக் கோழிகளில் கண், சுவாசத் தொற்றுகள்

புறக்கடைக் கோழிகளில் கண், சுவாசத் தொற்றுகள் என்பவை வீட்டுப் புறக்கடையில் சிறு எண்ணிக்கையில் வளர்க்கப்படும் கோழிகளின் கண், மூக்கு, மூச்சுக்குழல், காற்றுப்பைகள் ஆகிய உறுப்புகளைத் தாக்கும் நோய்கள் ஆகும். கண்ணில் நுரை, இமை வீக்கம், மூக்கொழுகல், தும்மல், குறட்டை போன்ற மூச்சொலி ஆகியன இவற்றின் பொதுவான அறிகுறிகள். பாக்டீரியா, தீநுண்மம் (வைரசு), ஒட்டுண்ணி, ஊட்டச்சத்துக் குறைவு, கூண்டின் காற்று மாசு ஆகிய வெவ்வேறு காரணங்கள் ஏறத்தாழ ஒரே தோற்றத்தைத் தருகின்றன. எனவே காரணத்தை அறியாமல் கொடுக்கப்படும் மருந்து பல வேளைகளில் பயனற்றுப் போகிறது. மேலும், சில நோய்களிலிருந்து தேறிய கோழி நலமாகத் தோன்றினாலும் நோய்க்கடத்தியாக நீடிக்கும். ஆகவே சிகிச்சையை முடிவு செய்யும்போது நோயுற்ற கோழியுடன் மந்தை முழுவதையும் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

உடலமைப்பும் நோயும்

கோழியின் கண்ணுக்குக் கீழே தோலுக்கு அடியில் ஓர் எலும்புப்புழை உள்ளது. இது மூக்குக் குழியுடன் இணைந்திருப்பதால், மூக்கில் தொடங்கும் தொற்று எளிதில் கண்ணைச் சுற்றியும் வீக்கத்தை உண்டாக்குகிறது. கோழிக்குப் பாலூட்டிகளைப் போன்ற உதரவிதானம் இல்லை. நுரையீரலுடன் இணைந்த காற்றுப்பைகள் உடற்குழியில் பரவியிருப்பதால், மூச்சுவழித் தொற்று வயிற்றுப் பகுதி வரை செல்லக்கூடும்.

பறவைகளின் சீழ் பாலூட்டிகளின் சீழைப் போல நீர்மமாக இராது; பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். இவ்வாறு இறுகிய சீழுக்குள் மருந்து ஊடுருவுவது கடினம். நோய் முற்றிய கோழிகளில் மருந்து மட்டும் போதாமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

முக்கிய காரணிகள்

நாள்பட்ட சுவாச நோய்: மைக்கோபிளாஸ்மா கலிசெப்டிகம் என்ற பாக்டீரியாவால் ஏற்படுகிறது. கண்ணோரத்தில் நுரை, தும்மல், மூச்சொலி, முட்டையிடல் குறைதல் ஆகியவை மெதுவாகத் தோன்றி வாரக்கணக்கில் நீடிக்கும். இது கோழியிலிருந்து கோழிக்குப் பரவுவதோடு முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்லும். 1994இல் ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் டி.சி. பகுதியில், காட்டுப் பறவையான வீட்டு ஃபிஞ்சுகளில் இதே பாக்டீரியா இனம் கண் அழற்சியை உண்டாக்கியது கண்டறியப்பட்டது.

தொற்றுச் சளி நோய் (கொரைசா): ஏவிபாக்டீரியம் பாராகலினாரம் என்ற பாக்டீரியாவால் ஏற்படுகிறது. 2005 வரை இது ஈமோஃபிலசு பேரினத்தில் வகைப்படுத்தப்பட்டிருந்தது. தொற்றிய 1 முதல் 3 நாட்களுக்குள் முகமும் தாடியும் வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூக்கிலிருந்து துர்நாற்றமுள்ள சளி வடியும். முட்டை வழியாகப் பரவாது. இந்நோயிலிருந்து தேறிய கோழிகளும் நோய்க்கடத்திகளாக இருக்கும்.

இராணிக்கெட் நோய் (வெள்ளைக்கழிச்சல்): இது தீநுண்ம நோய். 1926இல் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்டது. அதனால் நியூகாசில் நோய் என்றும் அழைக்கப்படுகிறது. 1927இல் இன்றைய உத்தராகண்டத்தில் உள்ள இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் இப்பெயர் பெற்றது. மூச்சுத்திணறலுடன் வெள்ளை அல்லது பச்சை நிறக் கழிச்சல், கழுத்து முறுக்கல், கால் இறக்கை செயலிழப்பு ஆகியவை காணப்படும். தடுப்பூசி பெறாத மந்தையில் சில நாட்களிலேயே பெரும்பாலான கோழிகள் இறக்கக்கூடும்.

கோழி அம்மை: இத்தீநுண்மம் பெரும்பாலும் கொசுக்கடி வழியாகப் பரவுகிறது. கொண்டை, தாடி, இமைகளில் கொப்புளங்கள் தோன்றிப் பொருக்கு ஆகும். இமைகள் ஒட்டிக்கொள்வதால் கோழி இரை காணாமல் பட்டினியால் மெலியும். வாயிலும் தொண்டையிலும் படலம் உண்டாகும் மற்றொரு வடிவம் மூச்சை அடைத்துவிடும்.

தொற்றுக் குரல்வளை மூச்சுக்குழல் அழற்சி: ஒரு வகை ஹெர்ப்பிசு தீநுண்மத்தால் ஏற்படுகிறது. கோழி கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சுவிடும்; இருமும்போது இரத்தம் கலந்த சளி தெறிக்கும்.

தொற்றல்லாத காரணங்களும் ஒட்டுண்ணியும்: உயிர்ச்சத்து ஏ குறைந்தால் இமைகளுக்குள் வெண்ணிறக் கட்டிப்பொருள் சேரும். ஈரமான ஆழ்கூளத்திலும் குவிந்த எச்சத்திலும் உருவாகும் அம்மோனியா வளி கண்ணையும் மூச்சுவழியையும் அரித்துத் தொற்றுக்கு வழிவகுக்கும். காற்றில் இதன் அளவு பத்து இலட்சத்தில் 25 பங்கை மிஞ்சாதிருக்க வேண்டும். வெப்பமண்டல நாடுகளில் கரப்பான்பூச்சியைத் தின்பதால் பரவும் கண்புழுவும் இமைக்குள் அழற்சியை உண்டாக்கும்.

நோயை இனங்காணுதல்

அறிகுறிகளைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம்.

- ஒரு கோழிக்கு ஒரு கண்ணில் மட்டும் பாதிப்பு இருந்தால் காயம், தூசி, கண்புழு ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும்.
- ஓரிரு நாட்களில் பல கோழிகளுக்கு முகவீக்கமும் துர்நாற்றமும் தோன்றினால் தொற்றுச் சளி நோயாக இருக்கலாம்.
- மெதுவாகப் பரவி நீடித்தால் நாள்பட்ட சுவாச நோயாக இருக்கலாம்.
- திடீரெனப் பல கோழிகள் இறந்தால் இராணிக்கெட் நோயோ பறவைக் காய்ச்சலோ என ஐயுற வேண்டும். இந்நிலையில் கோழிகளை அறுப்பதும் விற்பதும் கூடாது. உடனடியாகக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

உறுதி செய்ய ஆய்வகச் சோதனை தேவை. ஒன்றுக்கு மேற்பட்ட தொற்றுகள் சேர்ந்து காணப்படுவதும் இயல்பு. குறிப்பாக, நாள்பட்ட சுவாச நோயுடன் ஈ. கோலை பாக்டீரியா சேரும்போது இறப்பு மிகும்.

சிகிச்சை

நோயுற்ற கோழியைத் தனிமைப்படுத்தி, காற்றோட்டமுள்ள, ஆனால் குளிர்காற்று நேரடியாக வீசாத இடத்தில் வைத்தல் முதற்படியாகும். 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கலந்து கொதிக்கவைத்து, வெதுவெதுப்பான நிலைக்கு ஆறிய பின் தூய பஞ்சினால் கண்களையும் மூக்குத் துளைகளையும் துடைக்கலாம். பொருக்கை வலிந்து பிய்க்கக் கூடாது. பார்வை மறைந்த கோழிக்கு நீரையும் மென்மையான இரையையும் அலகருகில் வைக்க வேண்டும். எலும்புப்புழையில் இறுகிய சீழைக் கால்நடை மருத்துவரே அகற்ற வேண்டும்.

நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பாக்டீரியா மீது மட்டுமே செயல்படும். இராணிக்கெட், அம்மை போன்ற தீநுண்ம நோய்களைக் குணப்படுத்தா. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் இல்லை. எனவே செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் அதன்மீது பயனற்றவை. டைலோசின், டெட்ராசைக்கிளின் வகைகள் அறிகுறிகளைக் குறைக்கும், ஆனால் தொற்றை முற்றிலும் நீக்குவதில்லை. தொற்றுச் சளி நோய்க்குச் சல்ஃபா மருந்துகள், எரித்ரோமைசின், டெட்ராசைக்கிளின் ஆகியன பயன்படுகின்றன. மருந்தை நிறுத்தியபின் நோய் திரும்புவது உண்டு.

மருந்து பெரும்பாலும் குடிநீரில் கலந்து கொடுக்கப்படுகிறது. நோயுற்ற கோழி குறைவாகவே நீர் அருந்துவதால், மிகவும் தேவைப்படும் கோழிக்கே மருந்து குறைவாகச் சேரும் வாய்ப்புண்டு. குறைந்த அளவும், இடையில் நிறுத்துவதும் மருந்தெதிர்ப்புத் திறனுள்ள பாக்டீரியாக்களை வளர்க்கும். முட்டையிலும் இறைச்சியிலும் மருந்து எஞ்சுவதால், மருத்துவர் குறிப்பிடும் விலகல் காலம் முடியும்வரை அவற்றை உண்ணலாகாது. கோழிகளில் என்ரோஃபிளாக்சசின் பயன்பாட்டை ஐக்கிய அமெரிக்கா 2005இல் தடை செய்தது. உணவுக்கான விலங்குகளில் கோலிசுட்டின் பயன்பாட்டை இந்தியா 2019இல் தடை செய்தது.

தடுப்பு முறைகள்

- இராணிக்கெட் நோய்க்கு இந்தியாவில் 5 முதல் 7 நாள் வயதில் எஃப்1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்து கண் அல்லது மூக்கில் சொட்டாக இடப்படுகிறது. பின்னர், ஏறத்தாழ 8ஆம் வாரத்தில், ஆர்2பி தடுப்பூசி தோலுக்கு அடியில் போடப்படுகிறது.
- குளிர்பதன வசதியற்ற ஊர்களுக்கென வெப்பம் தாங்கும் ஐ-2 வகைத் தடுப்பு மருந்து ஆத்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கோழிகள் உண்ணத்தக்க குருணை வடிவிலான தடுப்பு மருந்தை உருவாக்கியுள்ளது.
- கோழி அம்மைத் தடுப்பூசி இறக்கைச் சவ்வில் குத்தி ஏற்றப்படுகிறது.
- புதிதாக வாங்கிய கோழிகளையும், சந்தையில் விற்காமல் திரும்பிய கோழிகளையும் 30 நாட்களுக்குத் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். நோய்க்கடத்திக் கோழிகள் பெரும்பாலும் இவ்வழியே மந்தையை அடைகின்றன.
- குஞ்சுகளையும் முதிர்ந்த கோழிகளையும் பிரித்து வளர்த்தல், கூளத்தை உலர்வாக வைத்தல், நீர்க்கலங்களை நாள்தோறும் கழுவுதல் ஆகியனவும் இன்றியமையாதவை.
- நாள்பட்ட சுவாச நோயிலிருந்து தேறிய கோழிகளின் முட்டைகளை அடைவைக்கலாகாது.

மனிதருக்கான இடர்

நாள்பட்ட சுவாச நோயும் தொற்றுச் சளி நோயும் மனிதரைத் தாக்குவதில்லை. இராணிக்கெட் தீநுண்மம் கண்ணில் பட்டால், தானே தணியும் கண் அழற்சி உண்டாகலாம். மனிதரில் இத்தொற்றை 1943இல் பர்னெட் பதிவு செய்தார். பறவைக் காய்ச்சல் உயிருக்கு ஆபத்தானது. இந்தியக் கோழிகளில் இது 2006இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் முதலில் உறுதி செய்யப்பட்டது. எனவே நோயுற்ற கோழியைக் கையாண்டபின் சோப்பிட்டுக் கைகழுவுவதும், இறந்தவற்றை ஆழப் புதைப்பதும் அவசியம்.

இவற்றையும் பார்க்க

- இராணிக்கெட் நோய்
- பறவைக் காய்ச்சல்
- நாட்டுக்கோழி
- நுண்ணுயிர் எதிர்ப்பி