எடைக்குப் போன காகிதங்கள்

போன போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது என் பழைய நோட்டுகள் சில பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டன. தென்பெண்ணையில் தண்ணீர் குறையும் மாதங்களில் ஆற்று ஆலாக்கள் எத்தனை வந்தன என்று பள்ளிப் பிள்ளைகளோடு எண்ணி எழுதி வைத்தவை. வீட்டில் யாரையும் குறை சொல்லவில்லை. பரணில் போட்டுவிட்டு மறந்தவன் நான்தான். அன்று ஹியூமின் நினைவு வந்தது.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்றால் 1885-ல் காங்கிரஸ் உருவாகக் காரணமானவர் என்று பாடத்தில் படித்திருப்போம். அவர் பெரிய பறவை ஆய்வாளரும்கூட. 1873-ல் அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்குப் போனார். 1875-ல் 'கிளைடு' என்ற அரசுக் கப்பலில் லட்சத்தீவுகளுக்குப் போய், அங்குள்ள பறவைகளைப் பற்றித் தாம் நடத்திய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் விரிவாக எழுதினார். 1956-ல் தனி ஆட்சிப் பகுதியாகும் வரை அத்தீவுகள் நம் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தவை.

அங்கே கவரத்திக்கு வடமேற்கே பிட்டி என்று ஒரு திட்டு உண்டு. பரப்பு சுமார் 3 ஏக்கர்தான். பவளப் பாறையும் மணலும் தவிர மரமோ வீடோ கிடையாது. கரும்முதுகு ஆலா, பெரிய கொண்டை ஆலா, நாடி ஆலா ஆகியவை வெறுந்தரையில் முட்டையிடும். கரும்முதுகு ஆலா ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டைதான் இடும். பிறந்த குஞ்சு கடலுக்குப் போனால் பல ஆண்டுகள் கரைக்குத் திரும்பாது. ஆகவே கடற்பறவைகளைக் கணக்கெடுக்கத் தோதான இடம், அவை கூடு வைக்கும் இந்தத் திட்டுகள்தான். அதிலும் அவசரம் வேண்டும். ஆட்கள் நெடுநேரம் நின்றால் தாய்ப்பறவை எழுந்துவிடும். முட்டை வெயிலில் வெந்துபோகும்.

சூரை மீன் பிடிப்பவர்களுக்கும் இந்தப் பறவைகள் வேண்டியவை. கடலில் ஆலாக்கூட்டம் வட்டமிட்டால் கீழே மீன்கூட்டம் இருக்கிறது என்று படகைத் திருப்புவார்கள். 1995-ல் பிட்டி பறவைகள் சரணாலயம் ஆனது.

ஹியூம் கதைக்கு வருகிறேன். இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுத ஆண்டுக்கணக்கில் குறிப்புகள் சேர்த்தார். சிம்லா வீட்டில் அவர் இல்லாத குளிர்காலத்தில், வேலையாள் ஒருவர் அந்தக் கைப்பிரதிகளைக் கடைத்தெருவில் பழைய காகிதமாக விற்றுவிட்டார். மனம் விட்டுப்போன ஹியூம், பறவைத் தோல்கள், முட்டைகள் என்று தாம் சேர்த்த 80,000-க்கும் மேற்பட்டவற்றை 1885-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த நூல் வரவே இல்லை.

ஆனால் லட்சத்தீவுக் குறிப்புகள் பிழைத்தன. காரணம், ஊருக்குத் திரும்பிய கையோடு அவற்றை அச்சில் ஏற்றிவிட்டார். இன்று தீவுப் பறவைகளை எண்ணுபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒரு பழைய கணக்கு.

என் நோட்டில் ஒன்று மட்டும் அலமாரியில் தப்பியிருக்கிறது. அதை இங்கேயே தட்டச்சு செய்து போடப் போகிறேன். உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள், அடுத்த போகிக்கு முன்பே.