முயலுணவு பற்றிய அறிவின் வரலாறு

தமிழில் முயல் என்னும் சொல் ஒன்றே. அது சுட்டும் உயிர்களோ இரண்டு. திருக்குறளின் படைச்செருக்கில் வரும் கானமுயல் நம் புதர்க்காடுகளுக்கு உரியது. வளை தோண்டாது தனித்துத் திரிவது. இல்லங்களில் வளர்க்கப்பெறும் முயலோ, ஸ்பெயின், போர்த்துகல் நாடுகள் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த வேறோர் இனம். உரோமானியர் அதனை வேலியடைத்த தோட்டங்களில் வளர்த்தனர். கி.மு. 37இல் வார்ரோ இயற்றிய வேளாண் நூல் இவ்வழக்கத்தைக் குறிப்பிடுகின்றது. ஆக, தொடக்கத்தில் மனிதன் முயலுக்கு உணவிட்டது தன் உணவின்பொருட்டே. பின்னாளில் எழுந்த அறிவுரைகள் பலவற்றின் குறைபாட்டுக்கும் இதுவே வேர்.

முயல் தோன்றிய நிலத்தில் அதற்குப் பெரிதும் கிடைத்தது நார் மிகுந்த புல்லாகும். பசுவைப்போல் அசைபோட்டுச் செரிக்கும் இரைப்பை அதற்கில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் உள்ள பெரும்பையில் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கின்றன. அங்கு உருவாகி வெளிவரும் மென்மையான உருண்டைகளை முயல் தானே மீண்டும் உண்டு, புரதத்தையும் உயிர்ச்சத்துகளையும் பெறுகின்றது. பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் மோரோ இதனை 1882லேயே விளக்கினார். எனினும் அவ்வுண்மை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1939இல், முயல் அசைபோடுகின்றதா என்னும் வினாவையே தலைப்பாக்கி மேட்சன் என்பார் 'நேச்சர்' இதழில் எழுதிய பின்னரே அறிவியலார் மீண்டும் அதன்பால் திரும்பினர். உண்மை உறங்கியது 57 ஆண்டுகள்!

கற்பனையோ உறங்கவில்லை. 1902இல் வெளிவந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் கதையில் பீட்டர் என்னும் முயல் கீரையும் முள்ளங்கியும் தின்று களித்தது. 1940இல் திரையேறிய பக்ஸ் பன்னியின் கையில் காரட் நிலைத்துவிட்டது. சர்க்கரை மிகுந்த அக்கிழங்கு முயலுக்கு எப்போதேனும் சிறு துண்டாக அளிக்கத்தக்கதே, நாளுணவாகாது. ஆனால், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதுபோல், படத்திற் கண்டதையே மெய்யெனப் பற்றியோர் பலர்.

அறிவியல் நூல்களும் முழுமையாகக் கைகொடுக்கவில்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 1966இலும் 1977இலும் வெளியிட்ட உணவு அளவைகள் பண்ணையாளரை நோக்கியவை. சில வாரங்களில் எடை கூட்டி இறைச்சிக்கு அனுப்பப்படும் முயலுக்கு உகந்த தானியச் செறிவு, பத்தாண்டு வாழக்கூடிய வீட்டு முயலுக்கு எவ்வாறு பொருந்தும்? அளவை பிழையன்று, அதனை இடமறியாது எடுத்தாண்டதே பிழை. 1985இல் மாரினெல் ஹாரிமன் வீட்டு முயலுக்கென்றே தனிநூல் எழுதினார். 1988இல் கலிபோர்னியாவில் வீட்டு முயல் சங்கம் தோன்றியது. உலர்புல்லே முதன்மை உணவு என்னும் கருத்து அதன்பின் மெல்லப் பரவிற்று.

எடின்பரோப் பல்கலைக்கழகத்தார் 32 முயல்களுக்கு நால்வகை உணவளித்து 17 மாதங்கள் ஆராய்ந்து, அதன் பற்சோதனை முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். தானியக் கலவையை மட்டுமே உண்டவற்றுக்குப் பற்கோளாறு நேர்ந்தது. வாழ்நாள் முழுதும் வளரும் பற்கள் தேய்வதற்குப் புல்லை நெடுநேரம் மெல்லுதல் வேண்டும். தானியமோ விரைவில் தீர்ந்துவிடும்.

எனவே, எந்நேரமும் உலர்புல், தூய நீர், அளவான கீரை, சிறிதளவு உருண்டைத் தீவனம் என்பதே இன்று முயல் மருத்துவம் பயின்றோர் கூறும் முறை. அவர்கள் மற்றொன்றையும் வலியுறுத்துவர்: அரைநாள் உண்ணாதிருக்கும் முயலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடலாகாது. குடலின் இயக்கம் நின்றால் அதன் உயிருக்கே இடர் நேரும்.