நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு வழக்கு

நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு வழக்கு என்பது, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைச் சார்ந்த சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நொய்யல் ஆற்றில் விட்ட கழிவுநீரை எதிர்த்து, ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் 1996 முதல் நடத்திய தொடர் வழக்குகளைக் குறிக்கும். சென்னை உயர் நீதிமன்றம் 2006ஆம் ஆண்டிலும், இந்திய உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டிலும் இதில் முதன்மையான தீர்ப்புகளை வழங்கின. அவை நிறைவேற்றப்படாத நிலையில், 28 சனவரி 2011 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு தொழிலின் ஆதாயமும் அதன் சூழல் செலவும் வெவ்வேறு மக்கள் மீது விழும்போது சட்டம் என்ன செய்ய இயலும் என்பதற்கு இவ்வழக்கு இந்தியாவில் அடிக்கடி சுட்டப்படும் எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

நொய்யல் ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. திருப்பூர் தொடக்கத்தில் வெள்ளைப் பனியன்களுக்குப் பெயர் பெற்ற ஊராகும். வெள்ளைத் துணிக்குச் சலவை மட்டுமே போதுமானது. 1980களில் வெளிநாடுகளுக்கு வண்ண ஆடைகளை ஏற்றுமதி செய்யும் வணிகம் பெருகியபோது, சாயமிடுதல் தனித்தொழிலாக வளர்ந்தது. ஏற்றுமதி நிறுவனங்கள் பலவும் சொந்தமாகச் சாயமிடாமல், கூலிக்குச் சாயமிட்டுத் தரும் சிறு பட்டறைகளிடம் துணியைக் கொடுத்து வாங்கின. 2000களின் நடுப்பகுதியில் திருப்பூரின் ஆண்டு ஏற்றுமதி ஏறத்தாழ 10,000 கோடி ரூபாயை எட்டியது. அக்காலத்தில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் நொய்யலின் கரையிலும் அதில் சேரும் ஓடைகளின் கரையிலும் இயங்கின.

தமிழக அரசு 1989ஆம் ஆண்டிலேயே, ஆறுகளிலிருந்து 1 கி.மீ. தொலைவுக்குள் நீரை மாசுபடுத்தும் புதிய தொழிற்சாலைகளை அனுமதிக்கக்கூடாது என்று அரசாணை வெளியிட்டிருந்தது. நீர் மாசு தடுப்புச் சட்டமோ 1974 முதலே நடைமுறையில் இருந்தது. எனவே இச்சிக்கல் சட்டம் இல்லாததால் தோன்றியதன்று. இருந்த சட்டம் செயற்படுத்தப்படாததால் வளர்ந்தது.

மாசின் தன்மை

பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் வினைபுரி சாயங்கள் பயன்படுத்தப்படுகின்றன. நீரில் நனைந்த பருத்தி இழையும் இச்சாயமும் ஒரே வகை மின்சுமையைக் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையில் ஏற்றுவதற்குச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ சேர்க்கப்படுகிறது. நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து ஒரு லிட்டர் சாயநீருக்கு ஏறத்தாழ 30 முதல் 80 கிராம் வரை உப்பு தேவைப்படும்.

துணி சாயத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஆனால் உப்பை எடுத்துக்கொள்வதில்லை. சாயத்தொட்டியில் இட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் கழிவுநீருடன் வெளியேறிவிடும். 1990களில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு, இரும்பு உப்புகள் போன்றவற்றைச் சேர்த்து நிறத்தையும் கசடையும் நீக்கின. கரைந்த உப்பை இம்முறையால் நீக்க இயலாது. ஆகவே, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த நீரும் பாசனத்துக்குத் தகுதியற்றதாகவே இருந்தது. கரைந்த திண்மங்களுக்கு விதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் ஆகும். வெளியேறிய கழிவுநீர் இந்த வரம்பைப் பலமடங்கு மீறியது.

ஒரத்துப்பாளையம் அணை

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் சுமார் 20,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிப்பது இதன் நோக்கமாகும். ஆனால் திருப்பூரிலிருந்து வந்த சாயநீர் தேங்கும் இடமாக அணை சில ஆண்டுகளிலேயே மாறியது. தேங்கிய உப்புநீர் நிலத்தடியில் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளையும் கெடுத்தது. பொதுவாக அணையைத் திறக்குமாறு கோரும் விவசாயிகள், இங்கே அணையிலிருந்து நீரைத் திறந்துவிட வேண்டா எனக் கோரும் நிலை ஏற்பட்டது.

வழக்கின் போக்கு

கரூர் வட்ட நொய்யல் வாய்க்கால் பாசன விவசாயிகள் சங்கம் 1996இல் உயர் நீதிமன்றத்தை அணுகியது. அதே ஆண்டு ஆகத்து 28 அன்று, பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என அத்தீர்ப்பு அறிவித்தது. அதன்படி அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பு (தடுப்பு மற்றும் இழப்பீடு வழங்கல்) ஆணையம் நொய்யல் படுகையையும் ஆய்ந்தது. 17 திசம்பர் 2004 அன்று, 68 ஊர்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் ரூ. 24.80 கோடி இழப்பீட்டை ஆணையம் நிர்ணயித்தது. இது சராசரியாக ஒருவருக்கு 9,000 ரூபாய்க்கும் குறைவான தொகையாகும்.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ஏ. பி. ஷா, நீதிபதி கே. சந்துரு ஆகியோர் அடங்கிய அமர்வு 22 திசம்பர் 2006 அன்று தீர்ப்பளித்தது. அதன் முதன்மைக் கூறுகள்:

* பட்டறைகள் 31 சூலை 2007க்குள் கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை அடைய வேண்டும்.
* அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசு, பின்னர் 8 காசு, இறுதியில் 10 காசு எனத் தண்டம் செலுத்த வேண்டும்.
* அணையைத் தூய்மைப்படுத்தும் செலவைப் பட்டறைகள் ஏற்க வேண்டும்.

நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறைக்கு 6 காசு வீதம் நாளொன்றுக்கு ரூ. 6,000 தண்டமாகும்.

இதை எதிர்த்துத் திருப்பூர் சாய ஆலை உரிமையாளர்கள் சங்கம் மேல்முறையீடு செய்தது. 6 அக்டோபர் 2009 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சேதத்தைச் சரிசெய்யும் பொறுப்பிலிருந்து பட்டறைகள் தப்ப இயலாது என உறுதிசெய்து, மூன்று மாதக் காலக்கெடு அளித்தது. கெடு முடிந்த பின்னும் கழிவுநீர் நிற்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு மனுவை விசாரித்த தலைமை நீதிபதி எம். ஒய். இக்பால், நீதிபதி டி. எஸ். சிவஞானம் ஆகியோர் அடங்கிய அமர்வு, எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க 2011 சனவரியில் ஆணையிட்டது.

தொழில்நுட்பத் தீர்வு

கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டும்போது பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பக் கிடைக்கிறது. எஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்குவதற்கு மிகுந்த எரிபொருளும் மின்சாரமும் தேவை. 2011 மூடலுக்குப் பின், இந்த உப்புநீரைத் தூய்மைப்படுத்தி மீண்டும் சாயமிடவே பயன்படுத்தும் முறை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்து காட்டப்பட்டது. இதனால் ஆவியாக்க வேண்டிய அளவும், புதிதாக வாங்கும் உப்பின் அளவும் குறைந்தன. நிலையங்களை மேம்படுத்த 2011இல் தமிழக அரசு ரூ. 200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிபந்தனைகளை நிறைவேற்றிய நிலையங்களும் பட்டறைகளும் படிப்படியாக மீண்டும் இயங்கின.

விமர்சனங்கள்

தீர்ப்புகளின் கொள்கை பரவலாக வரவேற்கப்பட்டது. எனினும் செலவு யார்மீது விழுந்தது என்பது குறித்து மாறுபட்ட கருத்துகள் உள்ளன.

விவசாயிகள் தரப்பில், இழப்பீடு ஒரு குறிப்பிட்ட காலப் பயிரிழப்புக்கானதே அன்றி, உவர்ப்பேறிய நிலத்தையும் கிணற்றையும் மீட்பதற்கானதன்று எனக் கூறப்படுகிறது.

பட்டறை உரிமையாளர் தரப்பில், பிற மாநிலங்களிலும் நாடுகளிலும் இயங்கும் போட்டியாளர்களுக்கு இதே கட்டுப்பாடு இல்லை எனவும், சுத்திகரிப்பால் கூடிய செலவை ஆடை விலையில் ஏற்ற இயலவில்லை எனவும் வாதிடப்படுகிறது. விலையையும் நிறத்தையும் காலக்கெடுவையும் முடிவு செய்த வெளிநாட்டு வணிக நிறுவனங்கள் வழக்கில் தரப்பினராக இல்லை. சங்கிலியின் மேல்முனையில் இருந்தவர்களின் பொறுப்பு ஆராயப்படாமல், கூலிக்குச் சாயமிட்ட சிறு பட்டறைகளே சட்டத்தின் முன் நின்றன.

மூன்றாவதாக, 2011 மூடலின்போது வேலையிழந்த சாயத்தொழிலாளர்கள் மாசுக்குக் காரணமானவர்களும் அல்லர். இழப்பீடு பெற்ற விவசாயிகளும் அல்லர். மூடலுக்குப் பின் சில பட்டறைகள் வேறு மாவட்டங்களில் அனுமதியின்றி இயங்கியதாகவும் செய்திகள் வெளிவந்தன. ஓர் ஆற்றுக்கு மட்டும் கடுமையான விதி அமையுமாயின், மாசு மற்றோர் ஆற்றுக்கு இடம்பெயரக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

முக்கியத்துவம்

நிதி நெருக்கடியோ தொழில்நுட்பம் இல்லாமையோ மாசுபடுத்துவதற்கான உரிமையைத் தராது என்பதை இவ்வழக்கு நிலைநாட்டியது. இந்தியாவில் ஒரு பெரிய சாயத்தொழில் மையம் முழுவதும் கழிவுநீரை வெளியேற்றாத முறைக்கு மாறியதற்கு இதுவே வழிவகுத்தது. அதேவேளை, முதல் மனுவிலிருந்து மூடல் ஆணை வரை 15 ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளியில் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்த உப்பை நீக்க எந்தத் தீர்ப்பாலும் இயலவில்லை.

இவற்றையும் பார்க்க

* திருப்பூர்
* நொய்யல் ஆறு
* ஒரத்துப்பாளையம் அணை
* எதிர்ச் சவ்வூடு பரவல்